வீட்டுத் தோட்டத்தில் அரளி வளர்க்கலாமா?

ஆவடியிலிருந்து பரிசோதனைக்கு வரும் ஓர் அம்மா, மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும்போது கேட்டார்: "டாக்டர், வாசலில் செவ்வரளி வைத்திருக்கிறேன். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். பிடுங்கிவிடட்டுமா?"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பலருக்கும் எழக்கூடிய கேள்விதான் இது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களுடன் காத்திருந்த நாள்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய வறட்சியையும் தாங்கிப் பூக்கக்கூடியது அரளி. அதன் இலை தடிமனானது, மெழுகுப் பூச்சுடையது. இலைத்துளைகள் அடிப்புறத்துச் சிறு குழிகளுக்குள் மறைந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாவதில்லை. நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் இதனை நடுவதும் இதனால்தான். பென்சில் கனமுள்ள கிளையை வெயில் படும், நீர் தேங்காத இடத்தில் நட்டு, வேர் பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஆனால், செவ்வரளி, வெள்ளரளி, பொன்னரளி ஆகிய அனைத்திலும் இலை, பூ, விதை, பால், வேர் என எல்லாப் பகுதிகளும் நஞ்சே. காய்ந்தாலும் கொதித்தாலும் அந்நஞ்சு அழிவதில்லை. இதய நோயாளிகள் சிலருக்கு நாங்கள் மிகக் கவனமாக அளந்து தரும் டிஜாக்சின் மருந்தைப் போன்றே அது செயல்படுகிறது: இதயத் தசையின் உயிரணுக்களில் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் சமநிலையைக் குலைத்து, துடிப்பைத் தாறுமாறாக்குகிறது. டிஜாக்சின் உட்கொள்வோருக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

கேரளத்தில் அரளி இலையை மென்றதால் ஓர் இளம்பெண் இறந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததையடுத்து, 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவெடுத்தது. நம் வீட்டுப் பூஜையறைக்கும் இது பொருந்தும். சாமி படத்துக்குச் சூட்டலாம். தீர்த்தத்திலும் பிரசாதத் தட்டிலும் இடலாகாது.

அந்த அம்மாவிடம், பேரன் வளரும் வரை அரளி வேண்டாம் என்றேன். வாயில் எதையும் வைக்கும் வயதுக் குழந்தையை நாள் முழுதும் காவல் காக்க யாராலும் இயலாது. இட்லிப்பூ வைக்கலாம், தண்ணீர் சற்றுக் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான். பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில் அரளி இருக்கட்டும். கவாத்து செய்யும்போது கையுறை அணியுங்கள். கழித்த கிளைகளை எரிக்காதீர்கள், ஆடு மாடுகளுக்கு எட்டும்படி வீசாதீர்கள்.

எவரேனும் தின்றுவிட்டால் உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் தொடங்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம்; தொடக்கத்தில் நலமாகத் தோன்றுபவருக்கும் பல மணி நேரம் கழித்து இதயத் துடிப்பு தடைப்படலாம். எனவேதான் இ.சி.ஜி. கண்காணிப்பில் வைத்திருக்கிறோம், தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கர் பொருத்துகிறோம். உடனே 108-ஐ அழையுங்கள். தின்ற செடியின் சிறு கிளையொன்றை உறையில் இட்டுக் கையோடு கொண்டுவாருங்கள்.