வீட்டுத் தரைக்கு டைல்ஸ் வாங்கும் முன்

புது வீடு கட்டினாலும், பழைய சிமெண்ட் தரையை மாற்றினாலும், இப்போது பெரும்பாலும் டைல்ஸ்தான் போடுகிறோம். கடைக்குப் போனால் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ்தான் முதலில் கண்ணில் படும். அதன்மேல் தினமும் நடக்கப்போவதோ நம் வீட்டுப் பெரியவர்களின் ஈரக்கால்கள். குளியலறையில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், அந்தக் குடும்பத்தின் நிம்மதியும் சேமிப்பும் சேர்ந்தே போய்விடும். ஆகவே சில விஷயங்களை முன்பே தெரிந்துகொள்வோம்.

எந்த இடத்துக்கு எது?

சுவர் டைல்ஸ் வேறு, தரை டைல்ஸ் வேறு. விலை குறைவு என்று சுவர் டைல்ஸைத் தரையில் பதித்தால் பாரம் தாங்காமல் விரிசல் விடும். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது, உறுதியானது. கூடத்துக்கும் அறைகளுக்கும் ஏற்றது. குளியலறை, ஒளு செய்யும் இடம், வாசற்படி ஆகியவற்றுக்குச் சொரசொரப்பான மேட் வகையே வேண்டும். அங்கே 1 அடி அளவுள்ள சிறிய டைல்ஸ் நல்லது. இணைப்புகள் அதிகம் இருப்பதால் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். வாட்டம் கொடுப்பதும் எளிது. கடையிலேயே ஒரு டைலைத் தரையில் வைத்து, தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள்.

எவ்வளவு வாங்குவது?

‘2-க்கு 2’ என்று கடையில் சொல்லும் டைலின் உண்மையான அளவு 60 செ.மீ. நான்கு டைல் கொண்ட பெட்டி 16 சதுர அடி வராது, ஏறத்தாழ 15.5 சதுர அடிதான் வரும். 10-க்கு 12 அறை 120 சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 132. அதற்கு 9 பெட்டிகள் தேவை. எல்லாப் பெட்டிகளிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எண் மாறினால் நிறமும் சற்று மாறக்கூடும். மிஞ்சுவதைத் திருப்பிக் கொடுக்காமல் சிலவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஒரு டைல் உடைந்தால் கைகொடுக்கும்.

பதிக்கும்போது

சிமெண்ட் கலவையில் பதிப்பதானால், செராமிக் டைல்ஸை முதலில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிடிப்பு குறையும். டைலின் அடிப்பக்கம் முழுவதும் கலவை பரவ வேண்டும். நான்கு மூலையில் மட்டும் உருண்டை வைத்து ஒட்டினால் நடுவே வெற்றிடம் விழும். கனமான பாத்திரம் விழுந்தால் அந்த இடம்தான் முதலில் உடையும். டைல்களுக்கு இடையே 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். குளியலறையில் தண்ணீர் வெளியேறும் துளையை நோக்கி, 1 மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வாட்டம் இருக்கட்டும். பதித்த தரையில் ஒரு நாளாவது நடக்க வேண்டாம். அதன்பிறகே இடைவெளியை நிரப்ப வேண்டும்.

கணக்கு முடிக்கும் முன்

ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் அதை எடுத்துவிட்டு மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். எங்கும் தேங்காமல் துளைக்குப் போக வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே மீதிக் கூலியைக் கொடுங்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால் கூடத்தில் சிக்கனம் பிடிக்கலாம், குளியலறையில் வேண்டாம்.