மூழ்கிய ஊரில் ஒரு பொய் ஈ

மீன் பிடிக்கப் புழு வேண்டும், புழுவைவிடப் பொறுமை வேண்டும் என்பது யாவரும் அறிந்த செய்தி. ஈயைக் கொண்டு மீன் பிடிப்பார்கள் என்றால் நம் மாணவர்கள் நகைப்பார்கள். அதுவும் உயிருள்ள ஈயன்று. தூண்டில் முள்ளிலே கோழியிறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய் ஈ. இந்த ஈத்தூண்டில் மலைநாட்டுக்குப் புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் தேயிலை மலைகளின் ஓடைகளில் வீசப்பட்டு வந்ததுதான். வீசிய கை மாத்திரம் நம்முடையதன்று.

1880களில் வெள்ளைத் துரைமார் தம் நாட்டு டிரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் வருவித்து நுவரெலியாப் பகுதி நீரோடைகளில் வளர்க்க முயன்றனர். பின்னர் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குரிய வானவில் டிரவுட்டும் வந்தது, நிலைத்தது அதுவே. 1896 இல் இலங்கை மீன்பிடிக் கழகம் என்ற சங்கமும் தோன்றியது. இங்கிருந்து சென்ற முட்டைகள் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி ஓடைகளுக்கும் குடியேறின. தென்னிந்தியாவிலிருந்து நம் மக்கள் இங்கே வந்தார்கள். இங்கிருந்து மீன் அங்கே போயிற்று! ஆயினும் விருந்தாளியால் வீட்டாருக்குத் தீங்கும் நேர்ந்தது. ஹோட்டன் சமவெளி ஓடைக்கே உரிய சிறிய நன்னீர் இறால் ஒன்று இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றது. டிரவுட் அதற்கொரு பகை என ஆய்வாளர் கருதுகின்றனர்.

டிரவுட் குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் 20 பாகைக்கு மேலே ஏறினால் அது வாடிப்போகும். ஆகவே நாம் சென்றது அதைத் தேடியன்று. வெளிநாட்டிலே தொழில் பார்த்து விடுமுறைக்கு வந்திருந்த நம் பழைய மாணவர் ஒருவர், "சேர், அமெரிக்காவில் வெந்நாட்டு ஏரி மீன்களையும் ஈத்தூண்டிலால் பிடிக்கிறார்கள். நம் மவுசாக்கலையில் முயன்றால் என்ன?" என்றார். நாமோ மரக்கறி உணவினர். பிடித்த மீனை உடனே நீரில் விட்டுவிடுவதாக அவர் வாக்களித்த பின்னரே உடன் சென்றோம். உரிய அனுமதியும் பெற்றாயிற்று.

வழிகாட்டியாக வாய்த்தவர் எழுபதைக் கடந்த பெரியவர். தோட்டத்திலே தொழில் செய்து ஓய்ந்தவர். இவருடைய தந்தையார் நுவரெலியாப் பக்கம் ஒரு துரைக்கு வலை தூக்கிப் பின்னாலே நடந்தவராம். எந்தக் கல்லுக்குப் பின்னே மீன் நிற்கும், எந்த மேகத்துக்கு மேலே வரும் என்பதெல்லாம் தந்தையார் சொல்ல, துரை வீசுவாராம். பிடிபட்ட மீனின் எடை துரையின் குறிப்பேட்டில் ஏறியது. இடத்தைச் சொன்னவர் பெயர் ஏறவில்லை.

விடியற்காலையிலேயே இறங்க வேண்டும் என்று மாணவர் துடித்தார். பெரியவர் அசையவில்லை. "வெயில் ஏறட்டும் தம்பி. இது துரைமார் மீனில்ல, நம்மளப் போல. சூடு கண்டாத்தான் எழும்பும்" என்றார். அவர் சொன்னது சரியே. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா ஆபிரிக்க மீன். தமிழ்நாட்டார் இதை ஜிலேபிக் கெண்டை என்பர். தண்ணீர் குளிர்ந்திருக்கையில் ஆழத்தில் மந்தமாகக் கிடக்கும். கரையோர நீர் சூடேறிய பின்னரே மேய வரும். பாசியும் சேற்றுக் கழிவும் அதன் உணவு. பொய் ஈயை அது பசியினால் கவ்வுவதைக் காட்டிலும் கோபத்தினால் கவ்வுவதே மிகுதி. ஆண் மீன் ஆழமற்ற இடத்திலே வட்டக் குழி தோண்டிக் காவல் நிற்கும். குழிக்குள் எது வந்தாலும் பாயும். முட்டைகளையும் குஞ்சுகளையும் பெண் மீன் வாயிலே வைத்துக் காக்கும். அப்படிக் காவல் நிற்கும் மீனைச் சீண்டிப் பிடிப்பது வீரமாகாது என்று மாணவர் குழிகளை விலக்கி நடந்தது நமக்குப் பிடித்திருந்தது.

வீசும் விதத்தைச் சொல்ல வேண்டும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்லும். இங்கே ஈக்குப் பாரமில்லை, நூலே பாரம். கோலைப் பின்னே வீசி, நூல் காற்றில் முழுவதும் நீண்டு விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, பின்னரே முன்னே வீச வேண்டும். அந்த ஒரு கணத்தில்தான் வித்தை இருக்கின்றது. பின்னாலே மைதானம் இருந்தால் சரி. மவுசாக்கலைக் கரையிலோ தேயிலைச் செடிகள்! மூன்று முறை முள் கொழுந்தைப் பறித்தது. பெரியவர் சிரித்துக்கொண்டே விடுவித்தார். "எங்கப்பாவுக்கு முக்கால்வாசி வேல இதுதான் சேர்." பிறகு மாணவர் பின்வீச்சை விட்டு, நூலை நீர்மேலேயே உருட்டி எறியும் முறைக்கு மாறினார்.

அதன் பின்னரும் ஒரு மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. பெரியவர் நீரைப் பார்த்தபடி, "கடைத்தெரு பக்கம் போவோம்" என்றார். எமக்கு விளங்கவில்லை. எதிரே சிவனொளிபாத மலையும் கீழே பச்சை நீருமன்றிக் கடையேது, தெருவேது?

1969 இல் அணை கட்டி முடிந்து நீர் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதனடியில் போயிற்று. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் போயின. நீர் வற்றும் மாதங்களிலே அவற்றின் சிதைவுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. மேட்டிலே புது மஸ்கெலியா எழுந்தது. அந்தப் பழைய நகரில் பிறந்தவர் நம் பெரியவர். நீர் ஏறியபோது பள்ளிச் சிறுவர். அவருடைய மீன்வரைபடம் அவ்வூரின் வரைபடமே. மீனுக்குச் சுவரும் படியும் கல்லும் வேண்டும். நிழலும் பாசியும் அங்கேதான். ஊர் எங்கே இருந்ததென்று அறிந்தவர்க்கு மீன் எங்கே என்பது தெரியும். அவருடைய பேரன் கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்கிறான்; நீர் வற்றிய காலத்திலும் இங்கே வந்து பார்த்ததில்லையாம்.

"இந்த எடத்துல ரொட்டிக் கடை. அதுக்கங்கிட்டு வளைவு. வளைவுல போடுங்க" என்றார். மாணவர் போட்டார். நூல் இறுகிற்று. கையகல மீன், கரும்பச்சை நிறம், முள்முதுகு. ஈரக் கையால் பிடித்து முள்ளை எடுத்து விட்டதும் ஒரு துள்ளலில் மறைந்தது. அடுத்த அரை மணியில் இன்னும் இரண்டு. அவர் சொன்ன இடம் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை.

சற்று அப்பால், நீருக்கு ஒரு முழம் மேலே கருங்கல் ஒன்று தெரிந்தது. அதைச் சுற்றி மீன்கள் புரளும் வளையங்கள். மாணவர் கோலை உயர்த்தினார். பெரியவர் அவர் முழங்கையைப் பற்றினார்.

"அது கோயில் தம்பி."

மாணவர் நூலைச் சுருட்டலானார். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் நீரிலே சிறிது நேரம் நின்றார். பிறகு கரையேறி, தேநீருக்கு நேரமாயிற்று என்றார்.