பின்னால் முட்டியவர் மட்டும்தான் பொறுப்பா?

பின்னால் வந்து இடித்தவன்தான் காசு கொடுக்க வேண்டும். நம் சாலைகளில் இதற்கு வக்கீல் தேவையில்லை. கூட்டம் கூடிய இரண்டாவது நிமிடம் யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். முன்னால் போகும் வண்டி திடீரென வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாமல் நிறுத்தும் அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகள் கூறின. லாரிக்குப் பின்னால் 10–15 அடி இடைவெளியில் போய் மோதிய ஒரு காரின் வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் இந்த விதியைக் காட்டித்தான் கார் ஓட்டுநர்மேல் தவறு என்றது.

ஆனால் அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள் நிறைய இருக்கிறது. 2017 ஜனவரியில் கோவையில் பைக்கில் போன பொறியியல் மாணவர் ஒருவரின் முன்னால் சென்ற கார் திடீரென நின்றது. உடன் வந்த கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வந்ததால் நிறுத்தினேன் என்றார் காரை ஓட்டியவர். பைக் காரின் பின்புறம் மோதியது, மாணவர் சாலையில் விழுந்தார், பின்னால் வந்த பஸ் காலில் ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. தெருத் தீர்ப்புப்படி பைக்காரர்தான் பின்னால் இடித்தவர். மாணவர் இழப்பீடு கேட்டுப் போன தீர்ப்பாயமும் கார்க்காரரை விட்டுவிட்டு மாணவர்மேல் 20 சதவீதம், பஸ்மேல் 80 சதவீதம் என்று தவறைப் பங்கு பிரித்தது. உயர் நீதிமன்றம் கார் 40, பஸ் 30, மாணவர் 30 என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் 50, பஸ் 30, மாணவர் 20 என்று முடித்தது. வேகமாக வண்டிகள் போகும் சாலையில் சைகை காட்டாமல் நடுவில் நிறுத்த மனைவியின் உடல்நிலை காரணமாகாது என்பது அதன் நிலை. மாணவர் போதிய இடைவெளி விடவில்லை, உரிமமும் இல்லை. அதற்குத்தான் அந்த 20.

மூன்று நீதிமன்றங்கள், மூன்று கணக்குகள். காயம்பட்டவர் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: வழக்கில் நடப்பது ‘யார் குற்றவாளி’ என்ற விசாரணை அல்ல, சதவீதப் பேரம். உங்கள்மேல் எத்தனை விழுகிறதோ அத்தனை தொகை வெட்டப்படும். உங்கள் காரின் பிரேக் லைட் எரிந்ததா, இண்டிகேட்டர் போட்டீர்களா, நடுச் சாலையில் ஏன் நின்றீர்கள் என்றெல்லாம் எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் வக்கீல் துருவுவார். பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. இரண்டு ஓட்டுநர்களின் தவறால் காயம்பட்ட மூன்றாமவர், அவர்களில் யாராவது ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பங்குக் கணக்கை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பின்னால் இடிபடும் விபத்துக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரத்தம் வராது. தலை பின்னுக்கும் முன்னுக்கும் சொடுக்குவதில் கழுத்துத் தசையும் தசைநாரும் அடிபடும். அந்த நேரத்தில் பதற்றத்தில் ஒன்றும் தெரியாது. “பம்பர்தானே சார், விடுங்க” என்று இரண்டாயிரமோ மூவாயிரமோ கை மாறும். மறுநாள் காலையில் தலையைத் திருப்ப முடியாது, கை மரத்துப்போகும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருக்கும். அப்போது வழக்குப் போட நினைத்தால் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

எனவே அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ‘கார் விபத்தில் அடிபட்டேன்’ என்று சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அங்கே எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் வக்கீல்கள் ‘ஏ.ஆர். காப்பி’ என்கிறார்கள். வழக்கின் அஸ்திவாரம் அதுதான். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக ஒரு வரி அதில் இருந்துவிட்டால், பிறகு அதை மாற்ற மாடாய் உழைக்க வேண்டும். அடுத்தது எஃப்.ஐ.ஆர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் ஓட்டுநர்மேல் வழக்குப் பதிவாகும். அந்தக் குற்ற வழக்கால் உங்கள் மருத்துவச் செலவு திரும்பி வந்துவிடாது. ஆனால் அதற்காகப் போலீஸ் தயாரிக்கும் வரைபடமும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும் இழப்பீட்டு வழக்கில் சாட்சியாகும். டேஷ் கேமரா, பக்கத்துக் கடையின் சிசிடிவி என்று எதுவாக இருந்தாலும் அழிவதற்குள் வாங்கிவிடுவது நல்லது.

2022 ஏப்ரல் முதல் போலீஸுக்கே ஒரு கால அட்டவணை இருக்கிறது: முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கை 90 நாட்களிலும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில் நிலையப் படியேறிக் கேட்பவருக்கே வேலை நடக்கும்.

இழப்பீடு கேட்கும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் மனு. தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் ‘எம்.சி.ஓ.பி.’ என்றால் எல்லோருக்கும் தெரியும். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பு, 1994-இல் எடுக்கப்பட்டு, 2022-இல் திரும்ப வந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்த காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் ஏழாவது மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை பலரும் ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிடுகிறார்கள். பெரிய தொகை இருப்பது வேறிடத்தில்: காயத்தால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது? உடலின் ஊனமும் வருமான இழப்பும் ஒன்றல்ல என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடும். அதே கையை இழந்த குமாஸ்தா வேலையில் தொடரலாம். சொந்தத் தொழிலில் மாதம் 25,000 ரூபாய் சம்பாதிக்கும் 32 வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3 லட்சம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 4 லட்சத்து 20 ஆயிரம். அந்த வயதுக்கான பெருக்கு எண் 16. ஆக 67 லட்சத்து 20 ஆயிரம். திறன் இழப்பு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், இந்தத் தலைப்பில் மட்டும் 13 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவியாளர் செலவெல்லாம் தனி. ஆனால் நிரந்தரப் பாதிப்பு இருந்தால்தான் இந்தக் கணக்கே வரும்; மூன்று வாரத்தில் ஆறிய கழுத்து வலிக்கு வராது. வருமானத்தைக் காட்ட வங்கிக் கணக்கோ வரி ரிட்டனோ இல்லாவிட்டால், தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை ஊகித்துக்கொள்ளும். அது உங்கள் உண்மை வருமானத்தைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு.

தவறு யார்மேல் என்ற சண்டையே வேண்டாம் என்பவருக்கு 164-ஆம் பிரிவு இருக்கிறது: கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. இதை வாங்கிக்கொண்டால் 166 வழி அடைபடும். இடித்துவிட்டுப் பறந்த வண்டியைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால், கொடுங்காயத்துக்கு அரசுத் திட்டத்தில் 50,000 ரூபாய்.

பாலிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடிபட்ட காரில் இருந்தவர்களுக்கு இடித்த காரின் தர்ட் பார்ட்டி பாலிசி போதும். இடித்த காரிலேயே உட்கார்ந்திருந்த நண்பருக்கு அது உதவாது. அந்தக் காருக்கு முழுக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஓட்டிய உரிமையாளருக்கே காயமென்றால், நிரந்தர ஊனம் இருந்தால் மட்டும் 15 லட்சம் வரையிலான தனிநபர் விபத்துக் காப்பீட்டைக் கேட்கலாம்.

வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்க இன்சூரன்ஸ் தரப்பு அழைக்கும். போகலாம்; கோவை மாணவருக்கு இறுதித் தீர்ப்பு வர எட்டரை ஆண்டுகள் ஆயின, அத்தனை காலம் எல்லோராலும் தாங்க முடியாது. ஆனால் சிகிச்சை முடிந்து, மருத்துவக் குழு ஊனச் சான்று கொடுத்த பிறகு போவது நல்லது. மக்கள் நீதிமன்றத்தில் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது.