இரண்டாவது கையொப்பம்
முடக்கக் காலம் விளையாட்டுச் சங்கங்களுக்குக் கற்பித்த கணக்குப் பாடம்

2020 மார்ச் 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. அதே நாள் இரவு 8 மணிக்கு நம் நாட்டில் முழு முடக்கம் அறிவிக்கப்பட்டு, நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. உலகின் மிகப் பெரிய விளையாட்டு விழாவை ஒத்திவைத்த அந்த நோய்த்தொற்று, டெல்லி சரோஜினி நகரில் மாலைதோறும் இறகுப்பந்து ஆடிவந்த ஒரு சிறு சங்கத்தின் கதவையும் பூட்டியது.

அச்சங்கம் எங்கள் கிளையின் வாடிக்கையாளர். வாடிக்கையாளரின் பெயரை வெளியிடுவது வங்கி மரபன்று. ஆயினும் அவர்கள் பட்ட பாடு பல சங்கங்களுக்கும் பயன்படும் என்பதால் அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

பணம் இருந்தது, எடுக்க வழியில்லை

ஏப்ரல் முதல் வாரம். வங்கிகள் இன்றியமையாப் பணியாதலால் கிளை குறைந்த நேரத்துக்குத் திறந்திருந்தது. சங்கத்தின் பொருளாளர் முகக்கவசத்துடன் வந்து ஒரு காசோலையை நீட்டினார். அது பயிற்சியாளரின் மார்ச் மாத ஊதியத்துக்கானது. கணக்கில் போதிய தொகை இருந்தது. ஆனால் காசோலையில் ஒரு கையொப்பமே இருந்தது.

சங்கத்தின் தீர்மானப்படி செயலாளரும் பொருளாளரும் இணைந்து கையொப்பமிட வேண்டும். செயலாளரோ மார்ச் நடுவில் விடுப்பெடுத்துத் தமிழ்நாட்டில் சொந்த ஊருக்குச் சென்றவர். பயணிகள் இரயில்கள் நின்றுவிட்டன. உள்நாட்டு விமானங்கள் மே 25 அன்றுதான் மீண்டும் பறந்தன. செயலாளர் தாளில் கையொப்பமிட்டு அதனைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். அதனை நாங்கள் ஏற்க இயலவில்லை.

இதனைச் சிலர் வங்கியின் பிடிவாதம் எனக் கருதக்கூடும். காசோலை என்பது வாடிக்கையாளர் வங்கிக்கு இடும் கட்டளை. இருவர் சேர்ந்து இட வேண்டிய கட்டளையை ஒருவர் மட்டும் இட்டால் அது கட்டளையே ஆகாது. அதன்மீது பணம் வழங்கினால் இழப்புக்கு வங்கியே பொறுப்பு. மேலும், சங்கத்தின் பணம் உறுப்பினர் அனைவருக்கும் உரியது. ஒருவர் தனித்து எடுக்கக் கூடாது என்பதற்காக அவர்களே வகுத்த காவல்தான் அந்த இரண்டாவது கையொப்பம்.

பொருளாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து பயிற்சியாளருக்கும் களக்காவலருக்கும் இரண்டு மாதம் ஊதியம் கொடுத்தார். நல்ல மனம். ஆனால் செயற்குழுவின் தீர்மானமின்றிக் கொடுத்ததால், பின்னர் அத்தொகையை எந்தத் தலைப்பில் திருப்பித் தருவது என்ற கேள்வி கணக்குத் தணிக்கையில் எழுந்தது. பொதுக்குழு பின்னேற்புத் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே அவர் பணம் அவருக்குத் திரும்பியது.

களம் படிப்படியாகத் திறந்தது

மே 17 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஆணை, பார்வையாளர்கள் இன்றி விளையாட்டு வளாகங்களையும் அரங்கங்களையும் திறக்க இசைந்தது. ஆனால் டெல்லி மெட்ரோ செப்டம்பர் வரை ஓடவில்லை. தொலைவிலிருந்து வரவேண்டிய பயிற்சியாளர்கள் தவித்தனர். நமது சங்கம் களம் திறந்ததும் உறுப்பினர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து நேரம் ஒதுக்கியது. இரட்டையர் ஆட்டத்துக்குப் பதில் ஒற்றையர் ஆட்டம். அவரவர் மட்டை, அவரவர் தண்ணீர்ப் புட்டி. காத்திருப்போர் வெளியே நிற்பது என விதிகள் வகுத்தது. ஆடுவோர் குறைந்தனர், சந்தா வரவும் குறைந்தது. வாடகையும் ஊதியமும் குறையவில்லை. இந்த இடைவெளியைச் சமாளிக்கவே சங்கம் தன் கணக்கு முறையைத் திருத்த முன்வந்தது.

சங்கம் செய்த நான்கு மாற்றங்கள்

முதலாவது, கையொப்ப முறை. செயலாளர், பொருளாளர் என்ற இருவருக்குப் பதிலாகத் தலைவரையும் சேர்த்து, மூவரில் எவரேனும் இருவர் கையொப்பமிடலாம் எனத் தீர்மானித்தனர். காவல் தளரவில்லை, ஒருவர் ஊரில் இல்லாவிடினும் பணி நிற்காது. சரோஜினி நகர் மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த குடியிருப்பு. பணியிட மாற்றமும் ஓய்வும் ஆண்டுதோறும் நிகழ்பவை. பழைய குடியிருப்புகளின் மறுகட்டுமானத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்களும் உண்டு. எனவே பொறுப்பாளர் மாறிய உடனே, தீர்மானத்தின் சான்றிட்ட நகல், புதியவரின் அடையாள ஆவணங்கள், மாதிரிக் கையொப்பம் ஆகியவற்றைக் கிளையில் அளித்துவிட வேண்டும்.

இரண்டாவது, இருவர் ஒப்புதலுடன் கூடிய இணையவழி வங்கிச் சேவை. ஒருவர் பணப் பரிமாற்றத்தைத் தொடங்க, மற்றொருவர் தம் கடவுச்சொல்லைக் கொண்டு ஒப்புதல் அளிப்பார். இரண்டாமவர் திருநெல்வேலியில் இருந்தாலும் தடையில்லை. நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் 16 முதல் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகிறது. ஒருவரே இரு கடவுச்சொற்களையும் வைத்துக்கொள்வது மட்டும் கூடாது. அது காசோலைப் புத்தகத்தில் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, சந்தா வசூல். நாடெங்கும் யூபிஐ பரிமாற்றங்கள் 2020 ஏப்ரலில் 100 கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தன. அக்டோபரில் 200 கோடியைக் கடந்தன. சங்கத்தாரும் ரொக்கத்தைக் கைவிட்டனர். ஆனால் தொடக்கத்தில் சந்தா பொருளாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கே வந்தது. சங்கப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால் நேர்மையாளரும் ஐயத்துக்கு ஆளாவர். சங்கத்தின் பெயரிலேயே க்யூஆர் குறியீடு பெறுமாறு நாங்கள் அறிவுறுத்தினோம். முன்பணமாகச் செலுத்திய சந்தாவைத் திரும்பப் பெறுவதா, காலத்தை நீட்டிப்பதா, நன்கொடையாக விடுவதா என்பதை ஒவ்வோர் உறுப்பினரிடமும் எழுத்தில் கேட்டுப் பெற்றனர்.

நான்காவது, சேமநிதி. எடுத்துக்காட்டாக, ஒரு சங்கத்தின் மாதச் செலவைக் காண்போம்.

பயிற்சியாளர் ஊதியம்: ரூ. 12,000
களக்காவலர் ஊதியம்: ரூ. 8,000
வாடகை, மின்கட்டணம்: ரூ. 5,000
மொத்தம்: ரூ. 25,000

களம் மூடியிருந்தாலும் இதில் பெரும்பகுதி நிற்காது. நான்கு மாதச் செலவான ரூ. 1,00,000-ஐத் தனியே ஒதுக்குவது நன்று. அதனை ஒரே வைப்பாக வைக்காமல் ரூ. 25,000 வீதம் நான்கு நிரந்தர வைப்புகளாக வைக்கலாம். ஒரு மாதத் தேவைக்கு ஒன்றை மட்டும் முதிர்வுக்கு முன் முடித்தால் போதும். எஞ்சிய மூன்றின் வட்டி பாதிக்கப்படாது.

இரண்டாவது சோதனை

2021 ஏப்ரல் 19 இரவு டெல்லியில் மீண்டும் முடக்கம் வந்தது. பார்வையாளர்கள் இன்றி விளையாட்டு அரங்கங்களைத் திறக்க ஜூலை 5 அன்றுதான் இசைவு கிடைத்தது. நம் சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவர் அப்போதும் ஊரில் இல்லை. எனினும் மே மாதம் முதல் நாள் பயிற்சியாளரின் ஊதியம் அவர் கணக்கில் சேர்ந்தது; எவரும் கிளைக்கு வர நேரவில்லை. அந்தக் கொடிய வாரங்களில் ஒருவர் வெளியே வராமலிருந்ததே பெரும் பாதுகாப்பு.

விளையாட்டுச் சங்கங்களுக்கு மட்டுமன்றிக் கோயில் குழுக்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், தமிழ் மன்றங்கள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை முன்வையுங்கள். வங்கியில் பதிவாகியுள்ள கையொப்பதாரர்கள் இன்றும் பொறுப்பில் உள்ளனரா? அவர்களுள் ஒருவர் இரண்டு மாதம் வெளியூரில் இருந்தால் ஊதியம் வழங்க இயலுமா? வரவே இல்லாமல் எத்தனை மாதம் தாங்குவோம்? விடை ஐயத்துக்குரியதாயின், தீர்மானத்தின் வாசகத்தை முடிவு செய்வதற்கு முன்பே கிளைக்கு வாருங்கள். எந்தெந்த ஆவணங்கள் தேவை என்பதை எழுதித் தருகிறோம்.