நாக்கு சாட்சி சொல்லும் மருந்து
மருந்துகள் வந்த பாதை – 14

சென்ற வாரம் ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமனின் நீர்த்த மருந்துகளைப் பார்த்தோம். அவர் 1843இல் மறைந்தார். அதற்கு 77 ஆண்டுகள் கழித்து, 1920ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை ஒட்டிய டோர்னாக் என்ற சிற்றூரில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் கூடினார்கள். அவர்கள் முன் 20 உரைகள் ஆற்றியவர் மருத்துவம் படித்தவரல்லர். கெதேயின் அறிவியல் எழுத்துகளைப் பதிப்பித்த தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர். ஆந்த்ரபொசொபி என்று தாம் பெயரிட்ட ஆன்மிகத் தத்துவத்தை அவர் அங்கே மருத்துவத்துக்கு விரித்துக் காட்டினார்.

அதைச் செயலுக்குக் கொண்டுவந்தவர் இட்டா வெக்மன். ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர். ஜூரிச்சில் மருத்துவம் படித்தவர். 1921இல் டோர்னாக்கின் பக்கத்து ஊரான ஆர்லஸ்ஹைமில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னாளில் வெலேடா என்று உலகறிந்த மருந்து நிறுவனமும் அந்த ஆண்டிலேயே உருவானது. இருவரும் சேர்ந்து எழுதிய மருத்துவ நூல், ஸ்டைனர் மறைந்த 1925இல் வெளிவந்தது. வழக்கமான மருத்துவத்தைத் தள்ளிவிடாமல் அதை விரிவாக்குவதே தங்கள் நோக்கம் என்றார்கள். அதனால் இன்றும் இந்த முறையில் மருந்து எழுதுவோரில் பெரும்பாலோர் முறையாக மருத்துவப் பட்டம் பெற்றவர்கள்.

தலைகீழாக நிற்கும் மனிதன்

ஸ்டைனரின் பார்வையில் மனித உடலில் மூன்று இயக்கங்கள் உண்டு. தலையை மையமாகக் கொண்ட நரம்பும் புலனும். மார்பில் மூச்சும் இதயத் துடிப்பும். வயிற்றிலும் கைகால்களிலும் செரிமானமும் அசைவும். செடி, தலைகீழாக நிற்கும் மனிதன். வேர் தலைக்கும், இலை மார்புக்கும், பூவும் கனியும் வயிற்றுக்கும் உறவு. ஆகவே வயிற்று வலிக்குச் சீமைச்சாமந்திப் பூ. அந்தப் பூவைக் காய்ச்சி வடித்தால் நீல நிற எண்ணெய் கிடைக்கும். அதற்கு வீக்கத்தைத் தணிக்கும் குணமுண்டு. ஐரோப்பியப் பாட்டிகள் ஸ்டைனருக்கு முன்பே பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கஷாயத்தைக் கொடுத்துவந்தார்கள்.

ஆனால் இந்த முறையின் பெயர்பெற்ற வயிற்று மருந்துகள் பூவோடு நிற்கவில்லை. வெலேடாவின் அமரா சொட்டு மருந்தில் ஜென்ஷியன், மாசிபத்திரியின் இனமான வார்ம்வுட், சிக்கரி, சீமைக் காட்டுமுள்ளங்கி எனப்படும் டான்டெலியன், யாரோ உள்ளிட்ட ஒன்பது செடிகள் சேர்கின்றன. ருடால்ஃப் ஹவுஷ்கா 1935இல் தொடங்கிய வாலா நிறுவனத்தின் ஜென்ஷியன் உருண்டைகளில் வார்ம்வுட்டும் டான்டெலியனும் எட்டிக்கொட்டையும் கூட உண்டு. சாப்பாட்டில் மனம் செல்லாதபோது, வயிறு பொருமும்போது, சாப்பிட்டது அப்படியே நிற்கிறது என்று நோயாளி சொல்லும்போது இவற்றைத் தருகிறார்கள்.

இவற்றில் ஜென்ஷியன் மஞ்சள் பூப் பூக்கும் மலைச் செடி. ஆல்ப்ஸ், ஜூரா மலைப் புல்வெளிகளில் ஆளின் இடுப்புயரத்துக்கும் மேலே வளரும். முதல் பூவுக்கே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மருந்தாவது அதன் தடித்த வேர். வேர் தலைக்குரியது என்றால் வயிற்றுக்கு ஏன்? மந்தித்துக் கிடக்கும் செரிமானத்துக்குள் தலையின் விழிப்பைக் கசப்பு கொண்டுபோகிறது என்பது அவர்கள் விளக்கம்.

அந்த விளக்கத்தை ஏற்காதவரும் கசப்பை மறுக்க முடியாது. ஜென்ஷியன் வேரில் உள்ள அமரோஜென்டின், மனிதர் அறிந்த மிகக் கசப்பான இயற்கைப் பொருள்களில் ஒன்று. ஒரு பங்கை 5.8 கோடி பங்கு நீரில் கரைத்தாலும் நாக்குக்குத் தெரியும். கசப்பு நாக்கில் பட்டதும் எச்சில் ஊறுகிறது. நரம்பு வழியே இரைப்பைக்குச் செய்தி போய்ச் செரிமான நீர் சுரக்கிறது. கசப்பை உணரும் ஏற்பிகள் இரைப்பையிலும் குடலிலும்கூட இருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐரோப்பிய மருந்து முகமை, லேசான செரியாமைக்கும் பசியின்மைக்கும் ஜென்ஷியன் வேரைத் தரலாம் என்று நெடுங்கால மரபை வைத்து ஏற்றிருக்கிறது. பெரிய சோதனைகளின் பலம் அதற்கு இல்லை. என்றாலும் செயல்படும் வழி கண்ணுக்குத் தெரிகிறது.

பிஸ்மத் சொல்லும் பாடம்

தாதுக்களின் கதை வேறு. அஞ்சனக்கல்லிலிருந்து கிடைக்கும் ஆண்டிமனிக்கு ஸ்டைனர் பெரிய இடம் கொடுத்தார். ஊசி ஊசியாக, கதிர்போல் விரிந்து படிகமாகும் அந்தக் கல்லில், உடலுக்கு வடிவும் ஒழுங்கும் தரும் ஓர் ஆற்றலைக் கண்டார். ரத்தம் உறைவதையும் அதோடு இணைத்தார். அந்த உலோகத்தை ஆவியாக்கிக் கண்ணாடிபோல் படியவைத்து மருந்து தயாரிக்கிறார்கள். அழற்சி கண்ட இரைப்பைக்கு ஆண்டிமனியும் பிஸ்மத்தும் நீர்த்த அளவில் தரப்படுகின்றன. டி6 என்று குறித்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

பிஸ்மத் நவீன மருத்துவத்துக்கும் அந்நியமில்லை. வயிற்றுப் புண்ணுக்குப் பெரும் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமியை ஒழிக்கத் தரும் நான்கு மருந்துக் கூட்டில் ஒன்று பிஸ்மத் உப்பு. அது நூற்றுக்கணக்கான மில்லிகிராம் அளவில், ஆன்டிபயாட்டிக்குடன் சேர்த்துத் தரப்படுகிறது. அந்த அளவில் அது வேலை செய்வது சோதனையில் நிரூபணமானது. டி6 பிஸ்மத்துக்கு அப்படி ஒரு நிரூபணம் இல்லை.

சிறிய அளவு வேலை செய்யாது என்று இதற்குப் பொருளில்லை. அமரோஜென்டின் அதைவிட நீர்த்த நிலையிலும் நாக்கைச் சுளிக்கவைக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். தத்துவத்தை நம்ப வேண்டிய தேவை இல்லை. கல்லின் படிக வடிவைப் பார்த்து உடலுக்குச் சொல்லும் மருந்துக்கு அப்படிப்பட்ட சாட்சி கிடையாது.

எட்டிக்கொட்டை இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. நம் ஊர்க் காடுகளிலும் இலங்கையிலும் வளரும் மரத்தின் கொட்டைதான் ஜெர்மன் உருண்டைக்குள் போகிறது. அதிலுள்ள ஸ்ட்ரிக்னின் உயிரைப் பறிக்கும் நஞ்சு. சித்த மருத்துவர்கள் சுத்தி செய்யாமல் அதைத் தொடமாட்டார்கள். ஐரோப்பாவிலோ நீர்த்தே தருகிறார்கள். நீர்க்க நீர்க்க ஆபத்து குறைகிறது என்பது உறுதி. மருந்தாகும் குணம் மிஞ்சுகிறதா என்பதைத் தனியே காட்டியாக வேண்டும்.

சட்டத்தின் இடம்

ஜெர்மனியின் 1976ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் மூலிகை, ஹோமியோபதி, ஆந்த்ரபொசொபி மூன்றையும் தனி மருத்துவ நெறிகளாக ஏற்றது. அந்தந்த நெறியின் வல்லுநர் குழுவே அதன் மருந்துகளை மதிப்பிடுகிறது. சுவிட்சர்லாந்தில் 2009இல் நடந்த வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் மாற்று மருத்துவங்களை அரசியல் சட்டத்தில் சேர்க்க ஒப்புதல் தந்தார்கள். மக்களின் நம்பிக்கைக்கு இது சான்று. மருந்து குணப்படுத்துகிறது என்பதற்கு இது சான்றாகாது.

அப்படியென்றால் மக்கள் எதைத் தேடிப் போகிறார்கள்? ஆந்த்ரபொசொபி மருத்துவமனைகளில் யாரோ செடியின் கஷாயத்தில் நனைத்த வெதுவெதுப்பான துணியை நோயாளியின் வலப்பக்க விலாவுக்குக் கீழே கட்டி, மேலே வெந்நீர்ப் பையை வைத்து, அரை மணி நேரம் படுக்கச் சொல்கிறார்கள். செவிலியர் அருகே வந்து பார்க்கிறார். எப்போது சாப்பிடுகிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள் என்று மருத்துவர் பொறுமையாகக் கேட்கிறார். பதற்றத்தோடு பின்னிய செரியாமைக்கு அந்தச் சூடும் ஓய்வும் கவனிப்பும் இதம் தருபவை. நம் மருத்துவமனைகளின் அவசர வரிசைகளில் அவை கிடைப்பதில்லை. இதை நாம் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

கற்கும்போது பிரித்து எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு முன் கசப்பு, பிறகு சூடும் ஓய்வும்: மந்தமான வயிற்றுக்கு நல்லது. வயிற்றுப் புண் உள்ளவர்கள் ஜென்ஷியனைத் தவிர்க்க வேண்டும்; கர்ப்பிணிகள் வார்ம்வுட்டை நெருங்கவே கூடாது. கறுத்த மலம், ரத்த வாந்தி, காரணமின்றி எடை இழப்பு, விழுங்கச் சிரமம் – இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உருண்டையும் சொட்டும் காத்திருக்கட்டும். எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நோய்க்குக் கொடுக்கும் வாரம்.

அடுத்த வாரம்: மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவி, புற்றுநோய் மருந்தாக ஜெர்மன் மருத்துவமனைகளுக்குள் எப்படி நுழைந்தது?

(பாதை தொடரும்)