மலைச்சரிவும் மரத்தின் வேரும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், போளூர் வட்டத்தில், சம்புவராய மன்னர்களின் தலைநகராக விளங்கிய படவேடு அமைந்துள்ளது. குன்றுகள் சூழக் கமண்டல நதி பாயும் இவ்வூரில் வாழையும் நெல்லும் செழித்து வளர்கின்றன. அந்நதியே பின்னர்க் கமண்டல நாகநதியாகி, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணியின் ஓரமாகச் சென்று செய்யாற்றில் சேருகிறது. பண்டைப் படவேட்டின் கோயில்களிற் சில மண்ணுள் மூடிக்கிடந்து, பிற்காலத்தில் அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்டவை. மண்மாரி பெய்து ஊர் அழிந்ததென்று அங்குள்ளோர் சொல்லுவர். அக்கதையைச் சான்றாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், மலையடியில் பூமி வைத்திருப்போருக்கு மேலிருந்து இறங்கும் மண் ஒரு பழைய அச்சமே என்பதை அது காட்டும்.

அவ்வச்சம் வீணன்று என்பது 2024-ஆம் வருஷத்தில் இதே மாவட்டத்தில் விளங்கிற்று. அவ்வருஷம் நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ‘ஃபெஞ்சல்’ புயல் உள்நாட்டில் பெருமழை பொழிந்தது. ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் சுமார் 20 அங்குல மழை பதிவாயிற்று. டிசம்பர் 1-ந் தேதி மாலை திருவண்ணாமலை நகரில், அண்ணாமலையார் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டனர்.

சரிவு எவ்வாறு நேருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நம் பக்கத்து மலைகளிற் பெரும்பாலும் அடியிலே கடும்பாறையும், அதன்மேற் சில அடி கனத்துக்கு மண்ணும் உருண்டைக் கற்களும் இருக்கின்றன. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்யுமாயின், அந்த ஜலத்தின் எடை ஏறக்குறைய 100 டன் ஆகும். அதில் மண்ணுக்குள் இறங்கும் பகுதி பாறையைத் தொட்டதும் மேற்செல்ல வழியின்றித் தேங்குகிறது. மேல்மண்ணின் பாரம் கூடுகிறது. மண்ணும் பாறையும் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளர்கிறது. அப்போது மண்படலம் முழுவதும், ஈரச்சாக்கு பலகையினின்று நழுவுவது போல் நழுவிவிடுகிறது.

இதனைத் தடுப்பதில் மரத்தின் வேருக்குள்ள பங்கு இருவகைப்பட்டது. சல்லிவேர்கள் மண்ணைப் பின்னிப் பிணைக்கின்றன. ஆழச் செல்லும் வேர்கள் பாறை வெடிப்புகளிற் புகுந்து, மேல்மண்ணை ஆணி அடித்தாற்போல் இருத்துகின்றன. தவிர, மரம் மழையில் ஒரு பகுதியை இலையிலேயே தாங்கி ஆவியாக்கிவிடுகிறது. மண்ணிலுள்ள ஈரத்தையும் நாடோறும் உறிஞ்சி வெளியிடுகிறது. எனினும் புயற்காலத்தில் இப்பின்னைய உதவி சொற்பமே. அடைமழையில் நம்பத்தக்கது வேரின் பிடியொன்றே.

குடியானவர்கள் பெரும்பாலும் கவனியாத விஷயம் ஒன்று உண்டு. மரத்தை வெட்டிய வருஷத்தில் சரிவு அநேகமாக அசைவதில்லை. வெட்டுண்ட மரத்தின் வேர் உடனே மடிவதன்று. மண்ணுக்குள் இருந்தபடியே மெல்ல உளுத்துப் பலம் இழக்கிறது. நியூஸிலாந்தில் ஒருவகைப் பைன் மரத்தைச் சோதித்ததில், வெட்டியபின் சுமார் 15 மாதங்களில் வேரின் பலம் பாதியாகக் குறைந்திருந்தது. வேறு மரங்களில் இக்காலம் நீளக்கூடும். பழைய வேர் செத்து, புதுக்கன்றின் வேர் ஊன்றாத இடைக்காலமே அபாயகாலம். வெட்டி இரண்டொரு மழைக்காலம் சேதமின்றிக் கழிந்ததும், மரமில்லாவிட்டாலும் மலை நிற்கிறது என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணமே கேட்டுக்கு ஏதுவாகிறது.

1988-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் அந்நாட்டின் கீழ்க்கரையை ‘போலா’ என்னும் புயல் தாக்கியபின் மலைச்சரிவுகள் கணக்கெடுக்கப்பட்டன. 8 வருஷத்துக்கு மேற்பட்ட பைன் தோப்புகளிலும் பழைய காடுகளிலும் நேர்ந்த சரிவு, மேய்ச்சல் தரைகளிலும் 6 வருஷத்துக்குட்பட்ட கன்றுத் தோப்புகளிலும் நேர்ந்ததில் 16-ல் ஒரு பங்கே. கன்று நட்டுவிட்டோம் என்பதனால் மட்டும் நிலத்துக்குக் காவல் ஏற்பட்டுவிடாது என்பது இதனால் பெறப்படும்.

ஆகவே சரிவுப் பூமியில் மரம் வெட்ட வேண்டியிருப்பின், வேரை உயிரோடு வைத்திருப்பதே முறை. வேம்பு, புங்கன், தேக்கு முதலியவை அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைப்பவை. இவற்றைத் தரைக்கு அரையடிக்கு மேல் விட்டு, ஜலம் வடியும்படி சாய்வாக வெட்டி, துளிர்களை ஆடு கடியாதபடி இரண்டு வருஷமேனும் காத்தால், வேர் முற்றிலும் மடியாது. பனையும் நம் நாட்டுச் சவுக்கும் அவ்வாறு தழைப்பனவல்ல. சரிவில் அவற்றை மொத்தமாக வெட்டாமல், இடைவிட்டுப் பகுதி பகுதியாக வெட்டி உடனே நடுவது நலம். விறகுக்காக அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கும் வழக்கமோ மிகக் கொடியது. கிடைப்பது இரண்டு வண்டி விறகு. விடுவதோ மழைநீர் நேரே புகும் ஒரு குழி.

மரங்கள் எல்லாவற்றையும் தாங்கிவிடும் என்றும் கருதலாகாது. வேர்களிற் பெரும்பகுதி மேல் மூன்று நான்கு அடிக்குள்ளேயே பரவுகிறது. அதற்கு வெகு ஆழத்தில் மண் நழுவுமாயின், மரமும் மண்ணோடே வந்துவிடும். 2009-ஆம் வருஷம் நவம்பரில் நீலகிரியில் 40-க்கு மேற்பட்டோர் மாண்ட சரிவுகளுக்குப் பின், பாதைக்கும் வீட்டுக்குமாகச் சரிவின் அடியை வெட்டியதும், ஜலம் வடியும் வழிகளை அடைத்ததும் முக்கிய குற்றங்களாகப் பேசப்பட்டன. அடியை வெட்டிவிட்டு மேலே மரம் நடுவதால் பயனில்லை. அவ்வாறு வெட்டிய கரையின் விளிம்பில் நிற்கும் பெருமரம் காற்றில் ஆடி மண்ணை நெம்பவும் கூடும்.

சாமை முதலியன விதைக்கும் சரிவு நிலங்களில், சமமட்டக் கோட்டில் வெட்டிவேரை நெருக்கமாக வரிசையாய் நடுவது உதவும். இதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் செங்குத்தாக 6 முதல் 10 அடி வரை இறங்குவதால், பயிருக்கு இடையூறில்லை. மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைக் குடியானவர்கள் இதனை எல்லைவரப்பாக வைத்து வந்திருக்கின்றனர். ஓடைக்கரைகளுக்கு மூங்கில் ஏற்றது. ஆனால் அதன் வேர் ஆழமன்று, ஆதலால் செங்குத்தான சரிவுக்கு அதை மட்டும் நம்பலாகாது.

கிராம அதிகாரிகள் சரிவுகளில் மரம் வெட்டப்பட்ட வருஷத்தைச் சர்வே எண்ணோடு குறித்து வைத்து, அடுத்த பத்து மழைக்காலங்களில் அவ்விடங்களைப் பார்வையிடுவது அவசியம். சரிவின் தலைப்பில் பிறைவடிவாகத் தோன்றும் வெடிப்பு, நேராயிருந்த மரங்கள் ஒரேபக்கம் சாய்தல், தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியவை முன்னறிகுறிகள். வறண்ட நாளிற் கண்ட வெடிப்பைக் களிமண் இட்டு அடைத்து, மேலிருந்து வரும் ஜலத்தைப் பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடலாம். அடைமழையின் நடுவே கண்டால், மண்வெட்டி எடுத்துச் சரிவிற்குச் செல்லாது, கீழேயுள்ள வீட்டாரையும் தொழுவத்து மாடுகளையும் அன்றிரவே அப்புறப்படுத்த வேண்டும்.