எழுத்துப் பிழை இல்லை, அளவுதான் குறைவு

சிறுமூளை கெட்ட சுண்டெலியை அடையாளம் காணப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மேசையில் நடக்க விட்டால் போதும், தள்ளாடும். ‘ஹார்லிக்வின்’ என்ற ஆய்வக இனத்துச் சுண்டெலி, பிறந்த சில மாதங்களில் இப்படி ஆகிவிடுகிறது. ஆண் எலிக்கு உடம்பில் முடியும் அநேகமாக இருக்காது.

காரணம் 2002இல் தெரிந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தில் சூசன் ஆக்கர்மன் குழுவினர் கண்டது இது: எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணுவுக்குள் ரெட்ரோவைரஸ் ஒன்று புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அதுவும் புரதம் செய்யும் குறிப்பு இல்லாத, படியெடுத்த பிறகு வெட்டி எறியப்படும் பகுதியில். அதனால் புரதத்தின் அமைப்பில் கோளாறு இல்லை. உற்பத்திதான் ஐந்தில் ஒரு பங்காகப் படுத்துவிட்டது.

மரபணு வெளிப்பாடு என்பது இதுதான். டி.என்.ஏ.வில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. அதைப் பார்த்து செல் எவ்வளவு புரதம் செய்கிறது என்பது வேறொன்று. பத்துப் படி அரிசி வேண்டிய பந்திக்கு இரண்டு படி வந்தால், அது நல்ல அரிசியாக இருந்தும் பெரும்பாலானோர் பசியோடுதான் எழுந்து போவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹார்லிக்வினில் குறைந்துபோன அந்தப் புரதத்தின் பெயரே ‘செல் சாவைத் தூண்டும் காரணி’, சுருக்கமாக ஏ.ஐ.எஃப். 1999இல் அதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியேறி உட்கருவுக்குப் போய் செல்லைச் சாகடிப்பது என்றே அறிமுகப்படுத்தினார்கள். கொலைகாரன் குறைந்தால் செல்கள் பிழைக்கத்தானே வேண்டும்? செத்தன. வீட்டுக்குள், அதாவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள், இருக்கும்வரை அது ஆற்றல் உற்பத்திக்குத் தூண். குறைந்தால் ஆக்சிஜனேற்றச் சேதம் ஏறுகிறது. பெயரை அவசரப்பட்டு வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுண்டெலி மூளையில் சுமார் 7 கோடி நரம்பு செல்கள்; அதில் 4 கோடிக்கு மேல் சிறுமூளையில். பெரும்பாலானவை கிரான்யூல் என்ற குட்டிச் செல்கள். ஹார்லிக்வினில் முதலில் விழுவது அவைதான். சாவதற்கு முன் சில, பிளவுபடப் போவதுபோல டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தொடங்குகின்றன. வளர்ந்த நரம்பு செல் ஒருபோதும் செய்யக் கூடாத வேலை அது. விழித்திரை செல்களும் மெல்ல அழிகின்றன.

இந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் கெட்ட பெண் எலியின் நிலை வேறு. அதன் ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை மூடிவிடும். நல்லதை மூடிய இடத்தில் முடி குறைவு, கெட்டதை மூடிய இடத்தில் அடர்த்தி. முதுகில் திட்டுத்திட்டாகத் தெரிவது அதுதான்.